நாலு குடித்தனம், ஒரு கழிவறை

முத்தியால்பேட்டையில் நாலு குடித்தனத்துக்கு
ஒரே கழிவறை.
ஆகவே சொல்லித்தான் தீரவேண்டியிருந்தது:
நாளைக்குக் குடலில் கேமரா விடுகிறார்கள்,
இன்று ராத்திரி அது எனக்கு.

என்ன பண்ணுது என்றார் பிலவேந்திரன்.
ஒன்றும் பண்ணவில்லை.
அப்பாவுக்கு ரத்தம் வந்த பிறகு பார்த்தோம்.
எனக்கு வரவில்லை,
அதனால்தான் பார்க்கிறார்கள்.

எலுமிச்சை வாசனை என்று பாக்கெட்டில் இருந்தது.
குடித்தால் கடல்.
கால் மணிக்கு ஒரு டம்ளர்.
மூன்றாவதில் வயிறு
கேட்கீப்பர் மாதிரி மணியடித்தது.

அப்புறம் எண்ணவில்லை.
நேற்றைய ரசஞ்சோறு போனது,
முந்தாநாள் கொய்யா விதை,
சாப்பிடாதே என்று சொல்லியும் சாப்பிட்டது,
காட்டிக்கொடுத்துவிட்டுப் போனது.

பிலவேந்திரன் வீட்டில் வஞ்சிரம் பொரித்தார்கள்.
ஜன்னலைச் சாத்திக்கொண்டு பொரித்தார்கள்.

நாலு மணிக்கு இரண்டாவது லிட்டர்.
சுவரைத் தடவிக்கொண்டு ஓடினால்
விளக்கு எரிகிறது.
வாளி விளிம்புவரை தண்ணீர்.
நான் பிடித்துவைக்கவில்லை.

விடிகிற நேரம் வெறும் மஞ்சள் நீர்.
அடி தெரியணும் என்றிருந்தாள் நர்ஸ்.
குனிந்து பார்த்தேன்.
தெரிந்தது, பீங்கானில் ஒரு பழைய கீறல்.

கோரிமேட்டுக்கு ஆட்டோ வந்து நின்றது.
பல்விளக்கிக்கொண்டே பிலவேந்திரன் மனைவி,
பரீட்சைப் பிள்ளையைக் கேட்பதுபோல்:
"சுத்தமாச்சா?"

ஆச்சு என்றேன்.
ஆட்டோவை ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டுப் போய்
வாளியை நிரப்பி வைத்தேன்.