மயிரிழை

மயிரிழையில் தப்பினான் என்போம்.
போன பிப்ரவரியில் என் கேமரா
மயிரிழையில் மூழ்கியது.

இழை நாயுடையது.
கோரின் வளர்க்கும் கெல்பி, பெயர் பிஸ்கட்.
அது படுத்து எழுந்த பின்சீட்டில் வைத்துத்தான்
பெட்டியை மூடினேன்,
காற்று வேறு, அவசரம் வேறு.
ரேப்பிட் பே ஜெட்டிக்கு அடியில், ஆறு மீட்டரில்,
கண்ணாடிக்குப் பின்னால் ஒரு குமிழி
கொத்தனாரின் ரசமட்டத்தில் போல
இப்படியும் அப்படியும் உருண்டது.
குமிழி அது ஒன்றுதான்,
மிச்சமெல்லாம் தண்ணீர் என்று புரிய
எனக்கு நாலு மூச்சு ஆனது.

உப்புத் தின்றவன் தண்ணீர் குடிப்பானாம்.
இது இரண்டையும் ஒரே மடக்கில் முடித்துவிட்டது.
கரையில் நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து
எந்தக் கப்பல் கவிழ்ந்தது என்று
கேட்க அங்கே தமிழர் யாருமில்லை.

நான் பல் மருத்துவமனையில் வேலை செய்கிறேன்.
அடுத்தவர் வாயில் குழாய் பிடித்து
ஈரம் உறிஞ்சுவது என் சம்பளம்.
எனக்கா இது?

ஆகவே இந்த முறை முந்தின இரவே,
மார்ஃபெட் வேல் வீட்டின் சமையல் மேடையில்.
மின்விசிறியை நிறுத்திவிட்டேன்.
தலையில் ஷவர் தொப்பி.
சிரித்துக்கொண்டே போன கணவனைக்
கதவைச் சாத்திவிட்டுப் போகச் சொன்னேன்.

ரப்பர் வளையத்தை ஊசியால் எடுக்கக் கூடாது;
இரு கட்டைவிரலால் கிள்ளினால்
தானே எழுந்து வரும்,
வெந்த பயறின் தோல் போல.
வேலையிடத்துப் பூதக்கண்ணாடியில் பார்க்கிறேன்:
ஒரு மணல்.
ஒரே ஒரு மணல்,
பாறாங்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

சிலிக்கான் பசை, அரைப் பச்சரிசி அளவு.
கூடினால் அதுவே தூசிக்கு வலை.
பசை தண்ணீரைத் தடுப்பதில்லை,
வளையம் முறுக்காமல் உட்கார உதவுகிறது,
அவ்வளவுதான் அதன் வேலை.
பள்ளத்தை டிஷ்யூவால் துடைத்தேன்,
டிஷ்யூ விட்ட பஞ்சைத் துடைக்க
இன்னொரு துணி.

முதலில் கேமரா இல்லாமல்,
உள்ளே ஒரு காகிதத் துண்டை மட்டும் வைத்து
வெறும் பெட்டியை வாளியில் அமுக்கினேன்.
அரை மணி நேரம்.
பிறகு காகிதத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன்.
காய்ந்திருந்தது.
புதுச் செருப்போடு வந்த சிலிக்கா பொட்டலத்தை
அவனில் சூடாக்கி
பேட்டரிக்குப் பின்னால் செருகினேன்.
அடைத்தேன். கொக்கி சொன்னது: டக்.
இனி தண்ணீர் காணாமல் இதைத் திறப்பதில்லை.

ஆழம் வளையத்தை இறுக்கத்தான் செய்யும்.
பயப்பட வேண்டியது முழங்கால் தண்ணீருக்கு;
அழுத்த அங்கே ஒருவரும் இல்லை.
ஜெட்டிப் படிகளில் நின்று
பெட்டியை முக்கி, தூக்கி, சாய்த்து,
குமிழி தேடினேன்.
கோரின் குளிரில் பல் நறநறக்கக் காத்திருந்தாள்.

மூன்றாவது தூண் வரிசை.
பாசிக் கொத்து ஒன்று
அலையை மீறி, அதன் இஷ்டத்துக்கு நகர்ந்தது.
உற்றுப் பார்த்தால் பாசிக்குக் கண் இருந்தது.
இலைக் கடல்டிராகன்,
வால் நெடுக ஊதா முட்டைகள் ஒட்டிய ஆண்.

நான் சிரித்துவிட்டேன்.

சிரித்தால் கன்னத்தில் மடிப்பு விழும்.
மடிப்பு விழுந்தால் முகமூடியின் ரப்பர் தூக்கும்.
மூக்கு வரைக்கும் கடல்.
பிரேமை அமுக்கி மூக்கால் ஊதுகிறேன்,
ஊதி முடிக்கும்போதே மறுபடி சிரிப்பு வருகிறது,
மறுபடி கடல்.

படத்தில் பதினோரு நொடி டிராகன்.
மிச்சம் ஏழு நிமிடமும்
ஆடும் தூண், என் முழங்கை, கோரினின் துடுப்புகள்.
பெட்டிக்குள் ஒரு சொட்டு இல்லை.

இப்போது அது நல்ல தண்ணீரில் ஊறுகிறது.
உப்பு விட்டபின்தான் திறப்பேன்.
பிஸ்கட் வந்து
வாளியில் வாய் வைக்கப் பார்க்கிறது.
போடா அந்தப் பக்கம்.