முப்பத்தஞ்சு

ஆமோஸ் பச்சைச் சட்டையில் இறங்கியபோது
முதலில் கூவியது நான்தான்.
நாக்குக்கடியில் இரண்டு விரல் வைத்து ஒரு விசில்,
அப்புறம் அடிவயிற்றிலிருந்து
நீளமாய் ஒரு ஊ.
ஜீவா ஸ்டேஷனில் நின்ற ரயிலில்
வாசல் கம்பியைப் பிடித்திருந்தவர்கள்கூட
எட்டிப் பார்த்தார்கள்.

பிரபுதாஸ் தகரத்தைத் தட்ட ஆரம்பித்தான்.
மீன்கூடை கவிழ்த்து ஏறி நின்ற பொடியன்கள்
எதற்கென்று தெரியாமலே சேர்ந்துகொண்டார்கள்.
முப்பத்தஞ்சே! ஏய் முப்பத்தஞ்சே!

பட்டாளத்துக்காரன் அவனுக்குக் கொடுத்த அட்வான்ஸ்
முப்பத்தஞ்சாயிரம்.
ஆயிரத்தை நாங்கள் விட்டுவிட்டோம்,
கத்துவதற்குத் தோதாக.
பத்தாவதில் கணக்குக்கு அவன் வாங்கியதும் அதே மார்க்குதான்.
அன்றைக்கு இதே தெரு
வரிசையில் நின்று லட்டு தின்றது.

ஹவுசிங் போர்டு மூன்றாவது மாடியில்
துணி எடுக்கிற சாக்கில் நின்றாள் அவன் அக்கா ஜெபமலர்.
ஒரு லுங்கியை எத்தனை தடவைதான் மடிப்பாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால்,
இதே பட்டாளத்தோடு ஃபைனல்.
கோலியின் முழங்கை பட்டு அவனுக்கு முன்பல் போனது.
மேட்ச் முடிந்து
செல்போன் வெளிச்சத்தில் பன்னிரண்டு பேர்
சேற்றைக் கிளறினோம்.
கோலி சோடா மூடி கிடைத்தது,
யாருடையதோ ஒற்றைக் கொலுசு கிடைத்தது.
பல் இன்னும் இந்த மண்ணில்தான் இருக்கிறது.
அதன்மேல்தான் இன்றைக்கு
பச்சை சாக்ஸ் போட்டு ஓடினான்.

அவன் காலுக்குப் பந்து போகும்போதெல்லாம் ஊ.
பாஸ் கொடுத்தால் ஊ.
குனிந்து லேஸ் கட்டினாலும் ஊ.
"விலை போயிட்டான்டா" என்றான் பிரபுதாஸ்,
போன மாசம்வரை
அவனை எங்கள் கிளப்பின் கண்ணு என்றவன்.

எழுபதாவது நிமிஷம் கார்னர்.
நாங்கள் நிற்கிற மூலை.
கொடிக்கம்புக்கும் எனக்கும் நடுவில்
ஒரு கயிறு, அவ்வளவுதான்.
யாரோ தண்ணீர் பாக்கெட்டை விட்டெறிந்தார்கள்.
தோளில் பட்டு விழுந்தது, உடையவில்லை.
எடுத்தான். பல்லால் கிழிக்கப் பார்த்து,
முன்பல் இல்லாத ஞாபகம் வந்தவன்போல
கடைவாய்க்குத் தள்ளிக் கடித்தான்.
பாதி குடித்தான், மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டான்.
இடது காலால் வளைத்து அடித்தான்.

பந்து உள்ளே போனது.
யார் தலையும் படவில்லை, யார் காலும் படவில்லை.
நேராகக் கோல்.
அந்த அடியை நூறு சாயங்காலம்
நான் கோலியாக நின்று வாங்கியிருக்கிறேன்.
வாய் ஊ என்று குவிந்தபடி நின்றது.
உள்ளேயிருந்து காற்று மட்டும் வந்தது.
அவன் கையைத் தூக்கவில்லை,
சட்டையைக் கழற்றிச் சுற்றவில்லை,
திரும்பி நடந்தான்.
அதற்கும் கூவினார்கள்.

இதை இங்கே சொல்லிவிடுகிறேன்:
அந்த முப்பத்தஞ்சில் நாலாயிரம்
என் ஆட்டோ டியூவில் இருக்கிறது.
சேட்டு வண்டியைத் தூக்க வந்த காலையில்
கையெழுத்து போட்ட பேனா காய்வதற்குள்
கொண்டுவந்து கொடுத்தான்.
யாரிடமும் சொல்லாதே என்றேன்.
சொல்லவில்லை.

ராத்திரி பதினோரு மணிக்கு லாரித் தண்ணி வந்தது.
குடங்களோடு வரிசையில் நின்றோம்.
எனக்கு முன்னால் அவன்,
பழைய நீலச் சட்டையில்,
இரண்டு கையிலும் அக்காவின் குடம்.
யாரும் பேசவில்லை.
லாரிக்காரனிடம் நான்தான் வாயைத் திறந்தேன்,
"இன்னும் எத்தினி குடம்" என்று கேட்கப் போய்
கிழிந்த துணிபோலச் சத்தம் வந்தது.

ஆமோஸ் திரும்பினான்.
"தொண்டைக்கு இன்னாடா ஆச்சு?"

ஐஸ் தண்ணி, என்றேன்.

"உப்பு போட்டுக் கொப்புளி" என்று சொல்லி
என் குடத்தை முன்னால் இழுத்து
குழாய்க்கு நேரே வைத்தான்.