சொரக்கா

பட்டியலில் ஐரிஷ் எழுத்தில் இருந்த பெயரை
மேலாளர் மூன்று விதமாக உடைத்துப் பார்த்தார்.
அவளே திருத்தினாள்: சொரக்கா.
என் கையிலிருந்த கத்தரிக்கோல் கீழே விழுந்தது.
நல்லவேளை,
மெல்பனின் மேற்கு ஓரம், வெரிபீயின் அந்தத் தகர அறையில்
தமிழ் தெரிந்தவர் வேறு யாருமில்லை.

என் வேலை விரல்களுக்கு நாடா சுற்றுவது.
கணுக்கால், முழங்கால், ஒருமுறை ஒரு காது.
ஆட்டம் எனக்கு அவ்வளவாகப் புரியாது.
மூட்டுகள் புரியும்.

லீட்ரிமில் அவளுக்குப் பால் ஆலையின் ஆய்வகத்தில் உத்தியோகம்,
பொழுது சாய்ந்தால் மாவட்ட அணி.
ஆடியதற்குக் கூலி கிடையாது, பெட்ரோல் காசு உண்டு.
அங்கே பந்து உருண்டை.
தட்டினால் தட்டிய கைக்கே வந்துவிடும்
வளர்த்த நாய் மாதிரி.

இங்கே பந்துக்கு இரண்டு மூக்கு.
முட்டை என்பார்கள், எலுமிச்சை என்பார்கள்.
எனக்கு அது
சிவப்புத் தோல் போர்த்த குட்டைச் சுரைக்காய்.
என்ன செய்ய, அப்படித்தான் தெரிகிறது.

பதினைந்து மீட்டருக்கு ஒருமுறை
ஓடுகிறவள் அதைத் தரையில் தட்டியாக வேண்டும்.
மூக்கு சரியாகச் சாய்ந்து விழுந்தால் கைக்குத் திரும்பும்.
விரலளவு பிசகினால்
அதற்கென்று சொந்தமாக ஒரு வழி இருக்கிறது.

பயிற்சியாளர் பலகையில் கோணம் வரைந்தார்,
காணொளியை நிறுத்தி நிறுத்திக் காட்டினார்.
அவள் கோடு போட்ட நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.
ஏட்டுச் சுரைக்காய்.
மறுநாள் காலை பந்து வேலி தாண்டிப் போய்
ரொட்டி வேனுக்கடியில் படுத்துக்கொண்டது.

அவள் ஊரில் பந்தைப் பறிக்கலாம், ஆளைச் சாய்க்கக்கூடாது.
இங்கே இடுப்பைக் கட்டிச் சேற்றில் அறைவது சட்டம்.
முன்னால் வருகிறவளைப் பார்ப்பதா
பக்கவாட்டில் வருகிறவளையா?
முதல் ஆட்டத்தில் பதினொரு நிமிடம்.
அடுத்ததில் ஏழு.
அதற்கடுத்து பெயரே இல்லை.
பெயரில்லாத வாரமும் வந்து மேசையில் உட்கார்ந்து
விரல்களை நீட்டினாள்.
ஏன் என்று கேட்காமல் சுற்றினேன்.

இரவெல்லாம் வாடகை வீட்டு கராஜ் வாசலில்
தட்டிக்கொண்டே இருக்கிறாளாம்.
பக்கத்து வீட்டுக்காரர் புகார் எழுதி
காற்றில் பறக்காமலிருக்க
அந்தப் பந்தையே மேலே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.
இதைச் சொன்னபோதுதான்
அவள் சிரித்து முதலில் பார்த்தேன்.

ஆறாவது ஞாயிறு, கடல் பக்கமிருந்து சாய்ந்த மழை.
சோப்புக் கட்டிபோல வழுக்கும் பந்தை
யாரும் தட்டத் துணியவில்லை.
சட்டத்தில் ஒரு சந்து உண்டு:
தட்ட வேண்டாம், தரையில் பட்டாலே போதும்.
எல்லைக் கோட்டோரம் தனியாகப் பறந்தவள்
ஓட்டம் குறையாமல் குனிந்து,
உலையில் விரல்விட்டுத் தண்ணீர் பார்க்கிறவள்போல்
பந்தின் நுனியைப் புல்லில் தொட்டு எடுத்தாள்.
மறுபடி ஒருமுறை.
பிறகு இடது கால்.

பந்து உயரக் கம்பத்துக்கு வெளியே போயிற்று.
ஒற்றை வெள்ளைக் கொடி அசைந்தது.
இரண்டு கையையும் தூக்கிக் குதித்தாள்!
அவள் ஊரில் ஒற்றை வெள்ளைக் கொடி ஊரே கத்துகிற புள்ளி.
இங்கே அது குறி தவறியதற்குப் போடும் சில்லறை.
தோழிகள் ஒரு நொடி விழித்தார்கள்.
அப்புறம் ஒருத்தி, வேறு வழி தெரியாமல்,
தானும் கையைத் தூக்கினாள்.

எட்டுப் புள்ளியில் தோற்றோம்.

ஊறிப்போன நாடாவை வெட்டும்போது கேட்டாள்,
அன்றைக்கு ஏன் கத்தரி விழுந்தது என்று.
சொன்னேன்.
அவள் மொழியில் அந்தப் பெயருக்கு வெளிச்சம் என்று பொருளாம்.
கொஞ்ச நேரம் யோசித்தாள்.
கறிக்கு ஆகுமா அந்தக் காய்?

பிஞ்சாகப் பார்த்து வாங்கணும், என்றேன்.
அடுத்த விரலை நீட்டினாள்.