சீழ்க்கை

செஃபெரினோ சந்தோஷமான ஆள் என்று
பதினாறு வருடம் நம்பியிருந்தேன்.
குழாய்த் தலைகளைக் கம்பியில் கோத்து
குரோமியத் தொட்டியில் முக்கி எடுக்கும்போதெல்லாம்
அவரிடமிருந்து ஒரு சீழ்க்கை வரும்,
மெல்லியதாக, ராகமில்லாமல்.
உதடு குவிந்திருக்காது.
அதைக் கவனித்ததில்லை நான்.

ஆகெதாவில் எங்கள் பட்டறை சின்னது.
பதினொரு பேர், நான்கு தொட்டி,
அப்பா வாங்கி மாட்டிய ஓர் உறிஞ்சு விசிறி.
லிஸ்பனின் பாதிக் குளியலறைகள்
நம் பளபளப்பில்தான் முகம் பார்க்கின்றன என்று
கிறிஸ்துமஸ் விருந்தில் சொல்வேன்.
கைதட்டுவார்கள்.

ஜனவரி தோறும் படிவம் வரும்.
இடர்களை முதலாளி கண்டறிந்திருக்க வேண்டும்.
தோன்றும் இடத்திலேயே தடுத்திருக்க வேண்டும்.
தொழிலாளிக்குச் சொல்லியிருக்க வேண்டும்.
வேண்டும் வேண்டும் என்றால்
யாருக்கு வேண்டுமாம் என்று முணுமுணுத்தபடி
கையெழுத்துப் போடுவேன்.
'புகார்கள்' கட்டத்தில்: இல்லை.
பொய்யும் இல்லை அது. யாரும் சொன்னதில்லை.

இரண்டு இலையுதிர் காலத்துக்கு முன்பு
விசிறியின் பெல்ட் அறுந்தது.
முந்நூற்று நாற்பது யூரோ என்று வந்த சீட்டை
மற்ற சீட்டுகளின் அடியில் செருகினேன்.
கதவைத் திறந்து வைத்தோம், ஆற்றுக் காற்று வந்தது.
இப்போதுதான் ரேடியோ கேட்கிறது என்றார்கள்.

மார்ச் மாத மழையில்
இன்ஸ்பெக்டர் இல்டா மர்சால் வந்தார்.
நனைந்த காலணியை வாசலில் விட்டு
பையிலிருந்து இரும்பு முனைக் காலணி எடுத்துப் போட்டார்.
தொட்டியைப் பார்க்கவில்லை.
கூரைச் சட்டத்தில் படிந்திருந்த
மஞ்சளைப் பார்த்தார், வெகு நேரம்.
பிறகு ஒரு குட்டி பம்பை
செஃபெரினோவின் காலரில் மாட்டினார்.
"எட்டு மணி நேரம்.
நீங்கள் மூச்சு விடும் இடத்தில் இதுவும் விடட்டும்."

வடிகால் மூடியையும் திறக்கச் சொன்னார்.
எலுமிச்சை நிறத்தில் ஓடியது.
அதற்குத் தனிக் கோப்பு, தனி வெட்கம்.

மத்தியானம், எழுதிக்கொண்டிருந்தவர்
பேனாவை நிறுத்தித் தலை சாய்த்தார்.
"என்ன பாட்டு அது?"
செஃபெரினோ சிரித்தார்.
"பாட்டு இல்லை மேடம். மூக்கு."

நடுச்சுவரில் ஓட்டை, பட்டாணி அளவு.
அமிலத் தூவானம் மூச்சோடு போய்ப் போய் அரித்தது.
வலிக்கவில்லையாம். அதனால் சொல்லவில்லையாம்.
"உங்கள் அப்பா காலத்தில்
இதே தொட்டியில் நின்ற அமாதேயுவும்
இப்படித்தான் ஊதுவார்.
கையில் காய்ப்பு வருகிற மாதிரி
இதுவும் வேலையோடு வருவது என்று நினைத்தேன்."

முகமூடி கொடுத்திருந்தோம் என்று சொல்லச் சொன்னார் வக்கீல்.
கொடுத்திருந்தோம்தான்.
பிரிக்காத உறையில், அலமாரியில்,
சாவி என் மேசையில்.
"முகமூடி கடைசிப் படி," என்றார் இல்டா,
"முதல் படி நீங்கள்."

அபராதத் தொகையைச் சொல்ல மாட்டேன்.
கேட்டால் அதைப் பற்றியே பேசுவீர்கள்.

இப்போது தொட்டி விளிம்பிலேயே காற்றை இழுக்கிறது
புது விசிறி. நல்ல இரைச்சல்.
செஃபெரினோ சுவருக்கு அந்தப் பக்கம்
பெட்டி கட்டுகிறார்.
சீழ்க்கை கேட்பதில்லை.
புதிதாய்ச் சேர்ந்த பையனுக்கு
அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.
சொன்னேன். முதல் நாளே, எல்லாவற்றையும்,
அவர் முன்னால் வைத்தே சொன்னேன்.
பையன் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

அவருடைய மருத்துவக் கோப்பை
நாற்பது வருடம் காக்க வேண்டும் என்கிறது சட்டம்.
பட்டறையை மூடினால்
அரசிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் மூட வேண்டும்.
எனக்கு அறுபத்திரண்டு.
முதுகில் பெயர் எழுதப் பேனா கேட்டேன்,
பத்து வருடத்தில் மை மங்கும் என்றார் கடைக்காரர்.

பித்தளைத் தகட்டில் பொறித்து ஒட்டியிருக்கிறேன்.
குரோம் பூசவில்லை.
கறுக்கும்.
அவ்வப்போது எடுத்துத் துடைக்க வேண்டும்.