அகழி

காலை ஆறரை. இன்குபேட்டரைத் திறந்து
தட்டை விளக்கில் பிடிக்கிறேன்.
முனவ்வர் பாஷா, ஐம்பத்திரண்டு,
பேரணாம்பட்டு, தோல் ஷெட்.
ரத்தம்.

மருந்து வில்லையைச் சுற்றிக்
கிருமி முளைக்காத வட்டம் ஒன்று தெரியவேண்டும்.
எங்கள் லேபில் அதற்கு அகழி என்று பேர்.
தினமும் கோட்டையைச் சுற்றிப் பஸ்ஸில் வருகிறவர்கள்
வேறென்ன சொல்வோம்.

இவருக்கு அகழியே இல்லை.
பதினொரு வில்லை, பதினொன்றின் விளிம்புவரை
ஏறி உட்கார்ந்திருக்கிறது சாம்பல் படலம்.
மெடிக்கலில் கேட்டு வாங்கி
காய்ச்சல் விட்டதும் யார் யாரோ நிறுத்திய மாத்திரைகள்
கத்தரி வைத்திருந்த கிருமியை மட்டும்
மிச்சம் வைத்திருக்கின்றன.
மருந்து வர வர நறுக்குகிறது.

நேற்று இன்னொரு தட்டில்
இரண்டு வில்லைகளை நெருக்கி வைத்தேன்,
தனித்தனியே தோற்றவை.
ஒன்று தானே போய்க் கத்தரியின் வாயில் சிக்கிக்கொள்ளும்,
அந்தச் சந்தில் மற்றது
கிருமி சுவர் எழுப்பும் இடத்தில் கைவைக்கும்
என்று ஒரு கணக்கு.

சாய்த்துப் பார்க்கிறேன்.
இரண்டுக்கும் நடுவே, நகத்துண்டு அகலம்,
ஒன்றுமில்லை.
ஸ்கேல் வைத்து அளக்கிறேன்.
மறுபடி அளக்கிறேன்.

ஐசியூவில் போனை எடுத்த சிஸ்டரிடம்
வாய் தவறி வருகிறது:
தண்ணி தெரியுது,
டாக்டரைக் கூப்பிடுங்க.