சீடர் பன்னிரண்டு

கணக்கு நோட்டில் தமிழில்தான் எழுதுவேன்,
ஹெலன் எட்டிப் பார்த்தாலும் விலை தெரியாதபடி.
நவம்பர் மூன்று: சீடர், பன்னிரண்டு பலகை.
மறுநாள் திறந்தால்
பலகையை மட்டும் காபி கரைத்திருந்தது.
சீடர் பன்னிரண்டு.
லட்லோவில், டீம் ஆற்றங்கரையில்,
தகரக்கூரைப் பட்டறைச் சுவரோடு
சாய்ந்து நின்றார்கள், பேச்சில்லாமல்.

பெயரே இரவல்தான். அசல் சீடர் இல்லையாம்,
சைப்ரஸ் வீட்டுப் பிள்ளையாம்.
எனக்கென்ன.
எட்டடிப் பலகையை ஒற்றைக் கையால் தூக்கலாம்.
இழைப்புளி ஓடினால் வெங்காயச் சருகாய்ச் சுருள் விழும்,
ஓரிடம் கருப்பட்டி, ஒரு சாண் தள்ளி
அறுத்த மீனின் இளஞ்சிவப்பு.
புதுப் பென்சில் வாசனை, கொஞ்சம் மிளகு.
நகம் பட்டாலே பள்ளம் விழும்.
ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டி வைத்தால்
அமுங்கிய இடம் பெருமூச்சு விட்டு எழும்.

இரும்பு ஆணி மட்டும் ஆகாது.
ஒரு மழை போதும்,
ஒவ்வொரு ஆணித்தலையிலிருந்தும்
கண்மை கரைந்து வழியும்.
முதல் தேனீப்பெட்டியை அப்படித்தான் கெடுத்தோம்.
வாங்கிய பாதிரியார் ஒன்றும் சொல்லவில்லை.
திட்டியிருக்கலாம்.

பிறகு செம்பாணி. பிறகு நாற்பது பெட்டிகள்.
உளுக்காது, ஊறாது, பெயிண்ட் கேட்காது,
வெயிலில் விட்டால் வெள்ளியாய் நரைக்கும்,
வண்டு அண்டாது.
ஏன் அண்டாது என்று நான் கேட்கவில்லை.

ஜனவரியில் இருமல்.
பகலில் இல்லை.
பட்டறை பூட்டி, சோறு வடித்து, படுத்த பிறகு.

ஷ்ரூஸ்பரியில் டாக்டர் அடெயெமி கேட்டார்:
ஞாயிற்றுக்கிழமை எப்படி?
ஞாயிறு பரவாயில்லை டாக்டர்.
ஆகஸ்டில் ஊருக்குப் போன இரண்டு வாரம்?
அப்போது இருமவே இல்லை.
பேனாவை மூடிவிட்டார்.

மரத்துக்குள் ஓர் அமிலமாம்.
சிலருக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதாம்,
தூளில் ஏறி நெஞ்சுக்குள் வருமாம்.
பன்னிரண்டில் எவன் என்று கேட்காதீர்கள்,
எல்லாருக்கும் ஒரே வாசனை.

கோபப்பட நினைத்தேன், வரவில்லை.
பூச்சியையும் என்னையும் மரம் பிரித்துப் பார்க்கவில்லை,
அவ்வளவுதான்.
நானும் அதை அரித்துக்கொண்டுதானே இருந்தேன்,
நாளுக்கு எட்டு மணி நேரம்,
மின்சாரப் பல்லால்.

என் பாதியை ஹெலன் வாங்கிக்கொண்டாள்.
விலை பேசும்போது நோட்டைக் கேட்டாள்;
முதல்முறையாக வாய்விட்டு வாசித்துக் காட்டினேன்.
சீடர் வந்த இடத்தில் மட்டும்
அவளுக்குப் புரிந்து, சிரித்தாள்.

ஒரு பெட்டி எனக்கு வந்தது.
மே மாதம் எங்கிருந்தோ ஒரு கூட்டம்
வாடகை பேசாமல் குடியேறியது.
மழை நின்ற மாலைகளில் பார்க்கப் போவேன்,
பையில் இன்ஹேலரோடு.
கிட்டே போவதில்லை.
எட்டடி.
ஒரு பலகை நீளம்.