இருபத்துநான்காம் எண் முள்

அணைக்குக் கீழே சான் வான் ஆறு
ஜனவரியிலும் உறைவதில்லை.
அடியாழத்திலிருந்து திறந்துவிடுகிறார்கள்.
கோடைக்கும் குளிருக்கும் ஒரே தண்ணீர்,
ரப்பர்க் காலுறைக்கு வெளியே நின்றபடியே
முட்டியைக் கடிக்கிறது.

நான் பல் செய்கிறவள்.
ஃபார்மிங்டனில், ஒரு டயர்க் கடைக்கு மேல்மாடியில்,
யார் யாருடைய கடைவாய்க்கோ
ஆறு நாளும் பீங்கான் பூசுகிறேன்.
ஏழாம் நாளுக்கும் அதே பூதக்கண்ணாடி, அதே இடுக்கி.
கறுப்பு நூல் பன்னிரண்டு சுற்று
வெள்ளிக் கம்பி ஐந்து
தலைக்கு ஒரு கண்ணாடி மணி.
தும்மினால் காணாமல் போகும்.
இதற்குப் பெயர் ஈ. இதை நம்பித்தான்
டிரவுட் வாயைத் திறக்க வேண்டும்.

எதிர்க்கரையில் ஹிலாரியோ.
விவாகரத்தில் வீட்டைப் பிரித்தோம், டிரக்கைப் பிரித்தோம்,
ஆற்றை எழுதிக் கேட்க இருவருக்குமே தோன்றவில்லை.
காலையிலிருந்து அவன் பிடித்து விட்டது மூன்று.
நான் ஒன்றுமில்லை.
கையைக் குவித்துக் கத்துகிறான்:
"சிவப்பு, டெல்ஃபினா! சிவப்பு!"

சிவப்புப் புழுவைக் கட்டினேன்.
விறைத்த விரலில் தங்கூசி நுழைய
நாலு முறை எச்சில்.
மீன்கள் இரண்டு விரற்கடை விலகி
வழிவிட்டன,
சர்ச்சில் தெரியாதவருக்கு விடுவதுபோல.

பிறகு சாம்பல். பிறகு பாசி நிறம்.
பிறகு சும்மா நின்றேன்.

என் சட்டைக்கையில் வந்து உட்கார்ந்தது ஒன்று,
கொசுவின் ஒன்றுவிட்ட தம்பி, கடிக்கத் தெரியாதது.
அப்போதுதான் நீரைப் பார்த்தேன்.
வாய் எதுவும் மேலே வரவில்லை.
முதுகுகள் மட்டும், எண்ணெயில் வடை புரள்வதுபோல.
மேல்தோலுக்கு ஒரு நூல் கீழே தின்கின்றன,
கூட்டைக் கிழித்து வெளியேறப் பார்க்கிற,
இன்னும் ஈ ஆகாதவற்றை.

பழைய கறுப்பையே எடுத்தேன்.
இடுக்கியால் மணியை நொறுக்கினேன்.
பாரம் போனது.
தங்கூசிக்கு உதட்டுக் களிம்பு தடவி விட்டேன்,
மூழ்காமல், மிதக்காமல்,
ஒன்று இரண்டு மூன்று

சுண்டவில்லை. வெறுமனே கனத்தது,
தூங்குகிறவன் போர்வையைத் தன் பக்கம் இழுப்பதுபோல.

கன்னத்தில் செம்பட்டை ஓடிய மீன்.
உதட்டோரம் என் எள்.
நனைந்த கையால் கழற்றினேன்,
ஒரு கணம் உள்ளங்கையிலேயே யோசித்துவிட்டுப் போனது.

"எதில்?" அக்கரையிலிருந்து குரல்.

கையைக் குவித்தேன்.
"சிவப்பு!"

குனிந்து பெட்டியைத் திறக்கிறான்.
சிரிக்கிறானா என்று
இங்கிருந்து தெரியவில்லை.